உரிமங்களை இணைக்கும் இடைச்சொற்கள்: மொழிக்கருவிகளுக்குத் திறந்த மூல உரிமம் தெரிதல்

1. முன்னுரை

தமிழுக்குச் சொற்பிழைதிருத்தி ஒன்றை ஆக்க முற்படும் குழுவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மொழியியலார் இருவர், நிரலாளர் ஒருவர், அகராதிப் பணியில் தோய்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர். திருத்தியின் இயந்திரமாக ஹன்ஸ்பெல் என்னும் நிரலை அவர்கள் தெரிந்துகொள்கின்றனர். வேர்ச்சொற்களில் ஒரு பகுதியைத் தமிழ் விக்சனரியிலிருந்து திரட்டுகின்றனர். மற்றொரு பகுதியை 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியிலிருந்து தாமே தட்டச்சு செய்கின்றனர். பல்கலைக்கழகத் துறை ஒன்று தன் கலைச்சொல் தொகுதியை 'ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்' என்ற குறிப்புடன் அன்போடு அளிக்கிறது. ஒட்டுகளுக்கும் சந்திக்குமான விதிகள் குழுவினரே எழுதியவை. சில ஆண்டு உழைப்பிற்குப் பின் கருவி நன்கு இயங்குகிறது. வெளியிடும் நாளில்தான் இதனை எந்த உரிமத்தின்கீழ் வெளியிடுவது என்னும் வினா எழுகிறது.

நல்லெண்ணம் உடைய எவரும் 'யாவரும் எடுத்துக்கொள்ளட்டும்' என்று ஒருவரி எழுதிவிட்டால் போதும் என்றே கருதுவர். ஆயின் அவ்வொரு வரியை எழுதும் உரிமை அக்குழுவிற்கு இல்லை. கலைச்சொல் தொகுதியின் குறிப்பில் உள்ள 'மட்டும்' என்னும் ஒரு சொல், பொதுவெளியீட்டைத் தடுத்துவிடுகிறது. மொழிக்கருவிகள் பல ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவே நின்றுபோவதற்கு ஆள்வலிமையும் பொருள்வலிமையும் இன்மை ஒரு காரணம். உரிமம் இசையாமை, அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு காரணம்.

திறந்த மூல உரிமங்களைத் தெரிவதும் இணைப்பதும் எவ்வாறு என்பதை இக்கட்டுரை மொழிப்பணியாளர் நோக்கிலிருந்து விளக்க முயல்கிறது. தனித்தனி உரிமங்களின் தாராளத்தைக் காட்டிலும் அவற்றை இணைக்கும் சிறுசொற்களே ஒரு திட்டத்தின் எதிர்காலத்தை முடிவு செய்கின்றன என்பது இதன் கருத்து. அச்சிறுசொற்கள் 'அல்லது', 'உம்', 'மட்டும்', 'எனின்' என்பன.

2. உரிமம் இல்லாத நிலை

உரிமம் குறிக்கப்படாத படைப்பு பொதுவுடைமை எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 2(ஓ)வின்படி, கணினி நிரல்களும், அட்டவணைகளும், கணினித் தரவுத்தளங்கள் உள்ளிட்ட தொகுப்புகளும் 'இலக்கியப் படைப்பு' என்னும் சொல்லினுள் அடங்கும். படைப்பு எழுதப்பட்ட அளவிலேயே, பதிவு எதுவுமின்றி, பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. எனவே உரிமக்குறிப்பு இல்லாத நிரலைப் பிறர் படியெடுக்கவோ மாற்றியமைக்கவோ பரப்பவோ இயலாது. அதில் காணப்படும் மௌனம் மறுப்பாகும்.

உரிமம் என்பது இம்மறுப்பை நிபந்தனையோடு தளர்த்தும் ஆவணம். சட்டத்தின் 30ஆம் பிரிவு அது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் கையெழுத்தும் தேவைப்பட்டது. இப்போது எழுத்து வடிவம் போதும். நம்மவர் பெரும்பாலும் கவனியாத மற்றொரு விதியும் உண்டு. 19ஆம் பிரிவின் உட்பிரிவு 5, காலம் குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டிற்கே செல்லும் எனக் கொள்கிறது. உட்பிரிவு 6, நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியாவிற்குள் மட்டும் எனக் கொள்கிறது. 30அ பிரிவு இவ்விதிகளைத் தக்க மாறுதல்களுடன் உரிமங்களுக்கும் பொருத்துகிறது. 'இச்சொற்றொகுதியை யாவரும் பயன்படுத்தலாம்' என்று ஒருவர் முன்னுரையில் எழுதிவைத்த தொடர், ஆறாம் ஆண்டில் என்னாகும் என்ற வினாவிற்கு இங்கு இடமுண்டு.

நன்கு வரையப்பட்ட பொது உரிமங்கள் இவ்வினாவை எழவிடுவதில்லை. அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பு (2004) காலவரம்பற்றது, உலகளாவியது என வெளிப்படையாகவே கூறுகிறது. குனு பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பு (2007), பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் செல்லும், திரும்பப் பெறவியலாது என்கிறது. எம்ஐடி உரிமமோ காலம் பற்றியும் நிலம் பற்றியும் ஒன்றும் கூறவில்லை. சுருக்கம் அதன் அழகு. அவ்வழகிற்குரிய விலையும் அதுவே. உரிம வாசகத்தைத் தாமே இயற்ற முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. சொல்லாட்சியில் வல்லவராகிய மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வாசை மிகுதி என்பதால் இதனைச் சொல்ல வேண்டியுள்ளது.

3. உரிமக் குடும்பங்கள்

இத்துறையின் அடிப்படைச் சொல்லிலேயே தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் தம் கருத்தை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியதாயிற்று. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. விலைக்கு விற்கப்படும் கட்டற்ற மென்பொருளும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் கட்டுள்ள மென்பொருளும் உண்டு.

உரிமங்களை மூன்று குடும்பங்களாகக் கொள்வது வழக்கம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி முதலியவை இணக்க உரிமங்கள். ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும்; அந்நிரலை மூடிய மென்பொருளினுள்ளும் சேர்த்துக்கொள்ளலாம். குனு பொது உரிமம் இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. அவ்வுரிமமுடைய நிரலிலிருந்து வழிப்படைப்பு ஒன்றைச் செய்து பரப்புவோர், அம்முழுப் படைப்பையும் அதே உரிமத்தின்கீழ், மூல நிரலுடன் தர வேண்டும். மோசில்லா பொது உரிமமும் குனு குறைந்த பொது உரிமமும் இடைப்பட்டவை. முன்னது கோப்பளவிலும் பின்னது நூலகம் என்னும் நிரற்கூறு அளவிலும் இக்கடப்பாட்டை நிறுத்திக்கொள்கின்றன.

இக்கடப்பாட்டைக் குறிக்கும் 'காப்பிலெஃப்ட்' என்னும் சொல், பதிப்புரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் 'வலம்' என்னும் பொருளைத் திருப்பிப்போட்ட சிலேடை. தமிழில் 'அளிப்புரிமை' என வழங்குவோர் உண்டு. சிலேடை பெயராது என்பது ஒருபுறமிருக்க, 'அளிப்பு' என்னும் சொல் கொடையை மட்டுமே சுட்டி, பெறுவோர் மேல் விழும் கடப்பாட்டைச் சுட்டாது நிற்கிறது என்பது என் கருத்து. 'தொடர்நிபந்தனை' என்பது அழகற்ற சொல்லாயினும் நடப்பதைச் சொல்கிறது. இக்கட்டுரையில் அதனையே ஆள்கிறேன்.

4. 'எனின்' என்னும் சொல்லின் வலிமை

உரிமத்தின் ஒரு தொடர் நிபந்தனையா, வெறும் வாக்குறுதியா என்பது இலக்கண வினா போலத் தோன்றும். ஆனால் ஒரு வழக்கின் முடிவே அதில் தங்கியிருந்தது. அமெரிக்காவில் மாதிரி இரயில் வண்டிகளை இயக்குவதற்கான திறந்த மூல நிரல் ஒன்று 'ஆர்ட்டிஸ்டிக்' உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தது. அதன் வரையறைக் கோப்புகளை மற்றொரு தரப்பினர் ஆக்கியோர் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் இன்றித் தம் மென்பொருளிற் பயன்படுத்தினர். ஜேக்கப்சன் எதிர் கேட்சர் எனப்படும் இவ்வழக்கில், உரிமம் பரந்த அனுமதி தந்திருப்பதால் அதனை மீறியது ஒப்பந்த மீறலே ஆகலாம், பதிப்புரிமை மீறல் ஆகாது என்று கீழ்நிலை நீதிமன்றம் கருதியது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை மாற்றியது.

அம்மாற்றத்திற்கு அது காட்டிய காரணங்களுள் ஒன்று மொழி சார்ந்தது. உரிமத்தில் படியெடுக்கும் அனுமதி 'இன்னின்னது செய்வீர் எனின்' என்ற அமைப்பில் தரப்பட்டிருந்தது. வழக்கிற்குப் பொருந்தும் கலிபோர்னியச் சட்டத்தில் அவ்விணைப்புத் தொடர் பொதுவாக நிபந்தனையைக் குறிப்பது. நிபந்தனை நிறைவேறாதபோது அனுமதியே இல்லை. அனுமதி இல்லாதபோது படியெடுத்தல் பதிப்புரிமை மீறல் ஆகும். ஆக்கியோர் பணம் ஏதும் கேளாதிருந்ததனால் அவர்க்கு இழப்பில்லை என்னும் வாதத்தையும் அந்நீதிமன்றம் ஏற்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த இணைப்பைத் தமிழில் பெயர்ப்போர் 'படியெடுக்கலாம். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட வேண்டும்' என்று இரு முற்றுத்தொடர்களாகப் பிரித்தால் நடை தெளிவாகும். ஆனால் நிபந்தனை கழன்றுவிடும். 'குறிப்பிடின் படியெடுக்கலாம்' என்று வினையெச்சத்தால் பிணித்தால்தான் மூலத்தின் வலிமை நிற்கும். நல்ல தமிழ்நடைக்காக நீண்ட வாக்கியங்களைப் பிரிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. உரிம வாசகங்களில் அப்பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டும்.

5. 'அல்லது'வும் 'உம்'மும்

ஒரு மென்பொருளுக்கு இரண்டு அல்லது மூன்று உரிமங்கள் குறிக்கப்பட்டிருந்தால், அவை யாவற்றுக்கும் ஒருசேரக் கட்டுப்பட வேண்டுமா, ஒன்றைத் தெரிந்துகொள்ளலாமா என்னும் ஐயம் புதியோர் பலர்க்கு எழுகிறது. இரண்டும் உண்டு, இரண்டும் வேறு வேறு. மென்பொருள் உறுப்புகளின் உரிமங்களைக் குறியீடாக எழுதும் முறை ஒன்று எஸ்பிடிஎக்ஸ் என்ற பெயரில் 2021இல் பன்னாட்டுத் தரமாகவே ஏற்கப்பட்டது. அதில் உரிமப் பெயர்களை இணைக்க 'அல்லது' என்பதும் 'உம்' என்பதும் வரையறுத்த பொருளில் ஆளப்படுகின்றன. 'அ அல்லது ஆ' எனின் பெறுவோர் விரும்பியதைத் தெரியலாம். 'அவும் ஆவும்' எனின் இரண்டின் கடப்பாடுகளும் ஒருங்கே விழும். 'அல்லது' வழியை அகலமாக்குகிறது. எண்ணும்மை வழியைக் குறுக்குகிறது. பட்டியலில் உரிமங்கள் கூடக்கூட உரிமை கூடுகிறது என்னும் எண்ணம், எண்ணும்மையின் இடத்தில் முற்றிலும் பிழை.

நம் கற்பனைக் குழு தெரிந்த ஹன்ஸ்பெல்லே 'அல்லது'வுக்குச் சிறந்த சான்று. ஓபன் ஆபீசுக்கென கெவின் ஹென்ட்ரிக்ஸ் ஆக்கிய மைஸ்பெல் என்னும் நிரலை அடிப்படையாகக் கொண்டு, லாஸ்லோ நேமெத் அதனை அங்கேரிய மொழிக்காக வளர்த்தார். ஒட்டுநிலை மொழியாகிய அங்கேரியத்தின் செறிந்த சொல்லுருபுகளும் தொகைச்சொற்களும் பழைய திருத்திகளுக்கு அடங்கவில்லை; அத்தேவையே தமிழ் போன்ற மொழிகளுக்கும் அந்நிரலைப் பயனுள்ளதாக்கியது. மைஸ்பெல் பிஎஸ்டி வகை உரிமம் உடையது. ஹன்ஸ்பெல்லோ குனு பொது உரிமம், குனு குறைந்த பொது உரிமம், மோசில்லா பொது உரிமம் என்னும் மூன்றையும் 'அல்லது'வால் இணைத்து வெளியிடப்பட்டது. இதனால் லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எனத் தம்முள் வேறுபட்ட உரிமங்களையுடைய மென்பொருள்கள் யாவும் அதே நிரலைத் தம்முள் ஏற்க முடிந்தது. உலகின் பல மொழிகளுக்கு இன்று சொற்பிழைதிருத்தி இருப்பதில் அந்த 'அல்லது'வுக்குப் பெரும் பங்குண்டு.

இம்மும்மை உரிமம் மோசில்லாவின் வரலாற்றிலிருந்து வந்தது. 1998இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலைத் திறந்தபோது அதற்கெனப் புதிய உரிமம் எழுதப்பட்டது. அது குனு பொது உரிமத்தோடு இசையவில்லை. பின்னர் மூன்று உரிமங்களுள் ஒன்றைத் தெரியலாம் என மாற்ற முடிவு செய்தபோது, நிரலில் பங்களித்தோர் ஒவ்வொருவரையும் தேடிக்கண்டு இசைவு பெற வேண்டியதாயிற்று. அப்பணி பல ஆண்டுகள் நீண்டு 2006இல்தான் நிறைவுற்றது. தொடக்கத்தில் எழுதாத ஒரு 'அல்லது'வைப் பின்னர்ச் சேர்ப்பதற்கு ஆன காலம் அது. 2012இல் வந்த மோசில்லா உரிமத்தின் 2.0 பதிப்பு, குனு உரிமங்களோடு இசையும் வழியைத் தன் வாசகத்தினுள்ளேயே கொண்டது.

எண்ணும்மையின் நிலை இதற்கு மாறானது. இரு வேறு மூலங்களிலிருந்து வந்த நிரல்கள் ஒரே படைப்பாகக் கலக்கும்போது அது தானே தோன்றுகிறது. எவரும் எழுத வேண்டுவதில்லை. இரண்டின் நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்ற முடிந்தால் அவை இசைவன. முடியாவிடின், குனு பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பு (1991) தன் 7ஆம் பிரிவில் சொல்வதுபோல, அப்படைப்பைப் பரப்பவே கூடாது. அவ்வுரிமம் தான் விதித்தவற்றிற்கு மேல் எக்கட்டுப்பாட்டையும் சேர்க்கலாகாது என்கிறது. அப்பாச்சி 2.0 காப்புரிமை வழக்குத் தொடுப்போரின் காப்புரிமை அனுமதி முடிவுறும் என்னும் ஒரு விதியைக் கொண்டது. அது நல்ல விதியே. ஆயினும் மேற்படியான கட்டுப்பாடு. ஆகவே இரண்டும் ஒரு நிரலினுள் கூடா என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து. 3ஆம் பதிப்பு இவ்விதிக்கு இடம்விட்டு எழுதப்பட்டது.

இங்குதான் 'மட்டும்' வருகிறது. '2ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு' என்ற குறிப்புடைய நிரலை 3ஆம் பதிப்பின்கீழ்க் கொண்டு அப்பாச்சி நிரலோடு கலக்கலாம். '2ஆம் பதிப்பு மட்டும்' எனின் கலக்கவியலாது. லினக்ஸ் கருநிரல் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆக்கியோர் காணாத எதிர்கால வாசகத்திற்கு இப்போதே இசைவு தருவது முறையன்று என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சிறு மொழிக்கருவிகளை ஆக்குவோர், பத்தாண்டிற்குப் பின் தம்மைத் தேடி எவரும் இசைவு கேட்டுவர இயலாது என்பதை எண்ணி, 'பிந்தைய பதிப்பு' என்னும் தொடரை வைத்துக்கொள்வதே தக்கது என்பேன்.

6. ஒருவழிப் பாதைகள்

உரிம இசைவு இருதிசை உறவன்று. எம்ஐடி நிரலை குனு உரிமத் திட்டத்தினுள் எடுத்துக்கொள்ளலாம்; குனு உரிம நிரலை எம்ஐடி திட்டத்தினுள் எடுத்து அதே பெயரில் வெளியிட இயலாது. மொழித்தரவுகளில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. தரவுகளுக்குப் பெரிதும் வழங்குவன கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். அவ்வமைப்பே தன் உரிமங்களை மென்பொருள் நிரலுக்கு இட வேண்டாம் என அறிவுறுத்துகிறது. மூல நிரலைத் தருவது பற்றியும் காப்புரிமை பற்றியும் அவை பேசாமையே காரணம்.

இவற்றுள் 'ஆக்கியோர் சுட்டல்' மட்டும் கோருவது ஒன்று. அதனோடு 'அதே உரிமத்தில் பகிர்தல்' என்னும் தொடர்நிபந்தனையையும் கோருவது மற்றொன்று. சீரோ எனப்படும் அறிவிப்பு (2009) எல்லா உரிமைகளையும் சட்டம் இடங்கொடுக்கும் அளவிற்குத் துறப்பது. விக்சனரியின் பதிவுகள் தொடர்நிபந்தனை உடையவை. 2018 முதல் விக்கித்தரவில் சேர்க்கப்பட்டுவரும் சொற்பதிவுகள் சீரோ அறிவிப்பின்கீழ் உள்ளன. இரண்டும் ஒரே அறக்கட்டளையின் திட்டங்களாயினும், விக்கித்தரவிலிருந்து விக்சனரிக்குச் சொற்பதிவுகளைத் தடையின்றிக் கொண்டுசெல்லலாம். விக்சனரியின் பொருள்விளக்கங்களை விக்கித்தரவிற்குத் திரளாகக் கொண்டுவரலாகாது. ஒரே வீட்டின் இரு அறைகளுக்கு இடையே ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு போன்றது இது.

விக்கிப்பீடியாவின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அது தொடக்கத்தில் மென்பொருட் கையேடுகளுக்கென எழுதப்பட்ட குனு கட்டற்ற ஆவண உரிமத்தைக் கொண்டிருந்தது. ஒரு பக்கக் கட்டுரையை அச்சிடவும் பல பக்க உரிம வாசகத்தை உடன் இணைக்க வேண்டியிருந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமுடைய உரைகளோடும் கலக்கவியலவில்லை. எண்ணற்ற பங்களிப்பாளரிடம் தனித்தனியே இசைவு கேட்பதோ நடவாத செயல். இதற்கு வழி விட்டது முன்னரே இருந்த 'பிந்தைய பதிப்பு' என்னும் தொடரே. 2008 நவம்பரில் அவ்வாவண உரிமத்தின் 1.3 பதிப்பு வெளியிடப்பட்டு, 2009 ஆகஸ்டு 1க்குள் இத்தகைய கூட்டுத்தளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திற்கு மாறலாம் என ஒரு வாயில் திறக்கப்பட்டது. பங்களிப்பாளர் வாக்களித்தபின் 2009 ஜூனில் மாற்றம் நடந்தது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அவ்வாயில் வழியே வந்தவையே. 2023 ஜூனில் உரிமம் 4.0 பதிப்பிற்கு உயர்ந்தது.

இப்பதிப்பெண் வெறும் எண்ணன்று. 'அதே உரிமத்தில் பகிர்தல்' 4.0 உரிமமுடைய படைப்பின் தழுவலை குனு பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பின்கீழ் வெளியிடலாம் என்று 2015 அக்டோபரில் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது. இதுவும் ஒருவழிப் பாதையே. விக்சனரிச் சொற்களை உள்ளடக்கிய நிரலுக்கு முறையான உரிமம் அமைய இதுவே வழி.

7. தரவு, நிரல், எழுத்துரு

சொற்பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டா? 1991இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், தொலைபேசிப் பெயரேடு பற்றிய ஃபைஸ்ட் வழக்கில், உழைப்பு மட்டும் உரிமை தாராது, தெரிவிலும் வரிசையிலும் சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்றது. நம் உச்சநீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில் (2007) உழைப்பும் பொருளும் மட்டும் போதா, திறனும் தேர்வாற்றலும் வெளிப்பட வேண்டும் என்று ஏறத்தாழ நடுவழியில் நின்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 1996ஆம் ஆண்டின் நெறிமுறையால், கணிசமான முதலீட்டில் உருவான தரவுத்தளங்களுக்குப் பதினைந்தாண்டுத் தனியுரிமை தந்தது. வெறும் சொற்களை அகரவரிசையில் அடுக்கிய பட்டியலும், பொருளும் சான்றும் வகையும் தந்த அகராதியும் ஒன்றல்ல. முன்னதற்கு உரிமை கோருவது இந்தியாவில் கடினம். பின்னதில் ஐயமே இல்லை. ஒரே பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு நிலை பெறுவதால், பட்டியல்தானே என்று உரிமக்குறிப்பை விட்டுவிடலாகாது.

வின்சுலோ அகராதியின் பதிப்புரிமைக் காலம் முடிந்து நெடுங்காலம் ஆயிற்று. அச்சுநூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தது நம் குழுவினர்க்கு நன்றாயிற்று. பிறர் அமைத்த மின்பதிப்பை எடுத்திருந்தால், அவர்கள் சேர்த்த குறிப்புகள், குறியிடல், தள நிபந்தனைகள் ஆகியவற்றைத் தனியே ஆராய வேண்டியிருக்கும்.

ஒரு திட்டத்தின் அடுக்குகள் தனித்தனி உரிமம் உடையனவாக இருக்கலாம் என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு சான்று. மெட்டா நிறுவனம் 2022இல் தமிழ் உள்ளிட்ட இருநூறு மொழிகளுக்கென வெளியிட்ட 'எந்த மொழியும் பின்தங்காது' என்னும் பொருளுடைய திட்டத்தில், நிரல் எம்ஐடி உரிமமும், பயிற்றப்பட்ட மாதிரிகள் 'வணிகநோக்கற்ற' கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும், ஃபுளோரஸ் என்னும் சோதனைத் தொகுப்பு 'அதே உரிமத்தில் பகிர்தல்' உரிமமும் பெற்றன. நிரலின் உரிமத்தை மட்டும் பார்த்து, கட்டணம் பெறும் மொழிபெயர்ப்புப் பணியில் அம்மாதிரியை இணைக்கும் நிறுவனம் தவறு செய்யும். 'வணிகநோக்கற்ற' என்னும் கட்டுப்பாடுடைய எதுவும் திறந்த மூல வரையறைக்குள் அடங்குவதில்லை. அவ்வரையறையின் 5, 6ஆம் கூறுகள் ஆள் நோக்கியும் துறை நோக்கியும் வேறுபாடு காட்டலாகாது என்கின்றன. நம் பல்கலைக்கழகத் துறையின் 'ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்' இவ்விடத்தில்தான் விழுகிறது.

அடுக்குகள் தனித்து நிற்குமா, கலந்துவிடுமா என்பது பெரும்பாலும் தொழில்நுட்பத்தைப் பொறுத்தது. ஹன்ஸ்பெல்லில் சொற்பட்டியலும் ஒட்டுவிதிகளும் தனிக் கோப்புகள். இயந்திரம் அவற்றைப் படித்துக்கொள்கிறது. ஆகவே லிப்ரே ஆபீசில் ஒவ்வொரு மொழியின் அகராதியும் தன் உரிமத்தைத் தானே தாங்கி நிற்கிறது. உருபனியல் பகுப்பானை முடிவுநிலைக் கடத்தியாகத் தொகுக்கும்போதோ, அகராதியும் விதிகளும் ஒரே வலையமைப்பாக உருகிவிடுகின்றன. எது எவருடையது எனப் பிரித்துக்காட்ட இயலாது. அங்கே எண்ணும்மை முழு வலிமையோடு செயற்படும். மொழியியலார் தம் பகுப்பானின் கட்டமைப்பை முடிவு செய்யும்போதே உரிமச் சிக்கலையும் முடிவு செய்துவிடுகின்றனர் எனலாம்.

எழுத்துருக்களுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் (1.1 பதிப்பு, 2007) பெருவழக்கு. அதனால் அச்சிட்ட நூலுக்கு எக்கடப்பாடும் இல்லை. எழுத்துருவைத் தனியே விற்கலாகாது.

8. உரிம வாசகத்தின் மொழி

குனு பொது உரிமத்தின் மொழிபெயர்ப்புகள் விளக்கத்திற்கு உதவுவனவே. ஆங்கில மூலமே சட்ட வலிமை உடையது எனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கொள்கிறது. ஒரு மொழியில் நேரும் பிழை உலகெங்கும் அவ்வுரிமத்தைக் குலைக்கும் என்னும் அச்சம் அதற்குக் காரணம். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 (2013) நாட்டுக்கு நாடு தழுவல் செய்யும் பழைய முறையை விட்டு, ஒரே உரிமத்திற்கு ஏற்புடைய மொழிபெயர்ப்புகள் என்னும் முறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமம் மூன்றாம் வழியைக் காட்டுகிறது. 2007இல் தோன்றிய இதன் 1.2 பதிப்பு (2017) ஒன்றியத்தின் 23 மொழிகளில் உள்ளது. எம்மொழி வாசகமும் சம வலிமை உடையது. அத்துடன் எவ்வெவ் உரிமங்களோடு இசையும் என்னும் பட்டியலையே அது தன் பின்னிணைப்பாகக் கொண்டுள்ளது. அட்டவணை மொழிகள் 22 உடைய நாட்டில் இத்தகைய உரிமம் ஒன்று ஏன் எழுதப்படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்கு வேண்டிய சட்டச்சொல் ஆட்சியும் மொழிபெயர்ப்புத் திறனும் நம்மிடம் இல்லாமலில்லை.

9. குழுவின் முடிவு

இனி நம் குழுவிற்கு வருவோம். அவர்கள் தாம் விரும்பும் உரிமத்திலிருந்து தொடங்காமல், தமக்கு வந்தவற்றுள் மிகக் கட்டுடையதிலிருந்து தொடங்குதல் வேண்டும். இயந்திரம் சிக்கலற்றது. குழுவினரின் விதிகளுக்கு அவர்களே உரியவர். ஆனால் அவர்கள் நால்வரும், பணி வழங்கிய நிறுவனம் ஏதேனும் இருப்பின் அதுவும், எழுத்தில் இசைய வேண்டும். பணியாளர் தம் பணியின்போது ஆக்கியதற்கு முதல் உரிமையாளர் பணி வழங்கியோரே என 17ஆம் பிரிவு கூறுவது இங்கு நினைவில் இருக்க வேண்டும். விக்சனரிப் பகுதியைத் தனிக் கோப்பாக வைத்தால் அது தன் உரிமத்திலேயே நிற்கும். பிறவற்றோடு கலந்தால் முழுமையும் குனு பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பிற்குச் செல்ல வேண்டும். விதிகளை எம்ஐடியிலோ மும்மை உரிமத்திலோ தர விரும்பினால் பிரித்து வைப்பதே நல்லது. எந்தச் சொல் எம்மூலத்திலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு பதிவிலும் குறித்து வைத்திருந்தால் இவை யாவும் ஒருநாள் வேலை. குறிக்காதிருந்தால் சில ஆண்டு உழைப்பை முதலிலிருந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

எஞ்சுவது கலைச்சொல் தொகுதி. அதை விலக்கிவிட்டு வெளியிடலாம். அல்லது துறைக்குக் கடிதம் எழுதலாம். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். இத்தகைய குறிப்புகளில் பெரும்பாலன எவரையும் தடுக்கும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல; முன்னொரு கோப்பிலிருந்து பழக்கத்தால் படியெடுக்கப்பட்டவை. கடிதத்தில் பொதுப்படையான அனுமதி கேட்பதால் பயனில்லை. தொகுதியின் பெயரும் பதிப்பும், படியெடுத்தல், மாற்றியமைத்தல், பரப்புதல் என்னும் உரிமைகளும், வணிகப் பயன்பாடு உட்பட என்பதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும் என்பதும், உலகம் முழுவதும் என்பதும், வெளியிடப்படும் உரிமத்தின் பெயரும் பதிப்பெண்ணும், துறையின் பெயர் எவ்வாறு சுட்டப்படும் என்பதும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். விடை துறைத்தலைவரிடமிருந்து வந்தால் போதாது. பதிப்புரிமை பல்கலைக்கழகத்தினுடையது எனின் பதிவாளரிடமிருந்து வருதல் வேண்டும். அவ்விடையைத் தொகுதியோடு ஒரே அடைவில் வைத்து, கருவியோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.